மான் தின்ற சொல்

சலவைக்கு வரும் துணியோடு குத்தி வரும்
மஞ்சள் அட்டை.
முன்பக்கம்: அறை 214, படுக்கைவிரிப்பு இரண்டு, துவாய் நாலு.
பின்பக்கம் வெறுமை. அங்கே எழுதுவேன்:
றிலக்டன்ட்.

அதற்குத் தமிழ் எழுத அட்டை போதவில்லை.
மனமில்லை, ஆனால் மறுக்கவுமில்லை,
இழுத்து இழுத்துக் கடைசியில் செய்துவிடுவது.
"உன்ர மாமி பிளேன்டீ ஊத்துற மாதிரி"
என்றாள் றிஸ்மியா.
அதையே எழுதிக்கொண்டேன்.

உப்புவெளி ஹோட்டலின் சலவை அறையில்
மூன்று இயந்திரமும் சேர்ந்து சுழலும்போது
எந்தச் சொல்லையும் உரக்கக் கத்தலாம்.
உச்சரிப்புப் பிழைத்தால் தண்ணியோடு போகும்.

வகுப்பில் சேருமுன் ஒரு பரீட்சை வைத்தார்கள்.
உட்துறைமுக வீதி, மேல்மாடி, ஓடாத மின்விசிறி.
திலுக்சன் சேருக்கு என் கடைசித் தம்பியின் வயதுகூட இல்லை.
தெரிந்த சொற்களை எழுதுங்கோ என்றார்.
டிஸ்ப்ளேஸ்ட். பெனிஃபிஷறி. டிஸ்ட்றிபியூஷன்.
றீசெட்டில்மென்ட்.
ஓரெழுத்தும் பிழையில்லை.
"அக்கா, இதெல்லாம் உயர்நிலைச் சொல். எங்க படிச்சனீங்கள்?"
வரிசையில், என்றேன்.
கிளிவெட்டி முகாமில்
ஒரு வாளிக்கும் நுளம்பு வலைக்கும் நின்ற வரிசையில்,
முன்னுக்கு நின்றவரின் தோளுக்கு மேலால்
பலகையை வாசித்து வாசித்து.

ஆனால்
இரவல் எடுக்க ஒரு சொல்லும்
இரவல் குடுக்க வேறொரு சொல்லும் இருப்பது
எனக்குத் தெரியாது.
ஆகவே இடைநிலை.

ஐந்து சவர்க்காரப் பெட்டிகள்.
சரியாகச் சொன்ன சொல் அடுத்த பெட்டிக்குப் போகும்.
பிழைத்த சொல் முதலாம் பெட்டிக்குத் திரும்ப வேண்டும்,
எவ்வளவு தூரம் போயிருந்தாலும்.
அஃபோர்ட் இரண்டு முறை திரும்பி வந்தது:
கையில் காசிருப்பதா, காசிருந்தும் மனம் துணிவதா?
டெம்பரறிக்கு அட்டை எழுதவில்லை.
ஒன்பது வருசம் எங்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்த சொல்.
பொறோவும் லென்டும்தான்
ஒன்றின் உடுப்பை மற்றது போட்டுக்கொண்டு
முதலாம் பெட்டியை விட்டு அசையவேயில்லை.

ஞாயிறு, வகுப்பு விட்டு,
டச்பே கரையில் அட்டைகளை மடியில் பரப்பியிருந்தேன்.
கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த புள்ளிமான்
கச்சான் பையை முதலில் மோந்தது.
பிறகு என்னைப் பார்த்தது.
பிறகு ஓர் அட்டையை உருவி
மெதுவாய், எந்த அவசரமுமில்லாமல், மென்றது.

எண்ணினேன். நாற்பத்தொன்பது.
எது போனது?
இருக்கிற சொற்களைச் சொல்லிச் சொல்லி
இல்லாத சொல்லைத் தேடுகிற வேலை அது.
பொழுது சாய்ந்து, கடலைக்காரர் விளக்கேற்றிய பிறகு
முன்பக்கம்தான் முதலில் நினைவு வந்தது:
அறை 108, துவாய் ஆறு.
பின்பக்கம், லென்ட்.

அடுத்த கிழமை வசனம் அமைக்கச் சொன்னார்.
மானுக்கு ஒரு சொல்லை இரவல் குடுத்தேன் என்று
ஆங்கிலத்தில் சொன்னேன்.
வகுப்பு சிரித்தது.
"மான் திருப்பித் தராதே அக்கா,
அதுக்கு வேற வினைச்சொல் போடோணும்."
தராது என்று உமக்கு எப்படித் தெரியும் சேர்?
சம்பூரில் எங்கள் கிணற்றையும்
தரமாட்டார்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.
இதைத் தமிழில் சொன்னேன்.
ஆங்கிலத்தில் சொல்ல இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது.

இன்று மத்தியானம் றிஸ்மியா பேனை கேட்டாள்.
கிண்ணியா பஸ் எடுக்கிற அவசரம்,
லீவுப் படிவம் நிரப்ப வேண்டும்.
நீட்டினேன். வாங்காமல் நின்றாள்.
"சொல்லு. இது பொறோவா, லென்டா?"
உன் கைப்பக்கம் பொறோ,
என் கைப்பக்கம் லென்ட்,
நடுவில் பேனை, என்றேன்.
"பாஸ்" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

பேனை இன்னும் வரவில்லை.